அருங்காட்சிப் பொருளா அவர்தம் மொழி?

எங்கள் வெம்பக்கோட்டைக்கு அருகே, வைப்பாற்றின் வடகரையில், விசயகரிசல்குளத்து மேட்டில், 2022-ஆம் ஆண்டு தொல்லியல் துறையினர் அகழாய்வைத் தொடங்கினர். சங்கு வளையல் கிடைத்தது; சுடுமண் பொம்மை கிடைத்தது; கண்ணாடி மணியும் நுண்கற்கருவியும் ஆட்டக்காயும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. வெளிவந்த வேகத்திலேயே கைப்பேசிகளில் ஏறின. முகநூலிலே முழக்கம்! வாட்ஸ்அப்பிலே வாழ்த்து! வெம்பக்கோட்டை என்றால் வெடிமருந்து என்று மட்டுமே எண்ணியிருந்தோர், அங்கேயும் பன்னெடுங்காலத்துக்கு முன்பே கைத்தொழில் கற்றோர் வாழ்ந்தனர் என்று அறிந்து வியந்தனர். மகிழத்தக்க செய்தி, மறுப்பார் எவருமில்லை.

ஆனால் வளையலுக்கு வாய் இல்லை. பொம்மை பட்டா கேட்பதில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. பார்த்தோம், வியந்தோம், நாலு பேருக்குக் காட்டினோம் — அத்துடன் அதற்கு நாம் செய்யவேண்டியது முடிந்தது. பொருளைப் பொறுத்தவரை அது முறைதான். அதே பார்வையை, உயிரோடு உலவும் மனிதர் மீதும், அவர் நாவில் நடமாடும் மொழி மீதும் செலுத்தலாமா? செலுத்துவது அறமா? இளைஞர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று நான் முன்வைக்கும் வினா இது.

வினா எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் என் மாணவர்கள் காட்டும் படங்களிலும், நானே இரவில் விரலால் தள்ளித்தள்ளிப் பார்க்கும் படங்களிலும், ஒருவகைச் செய்தி அடிக்கடி தலைகாட்டுகிறது. "இந்த மொழியைப் பேச உலகில் ஒருவரே மிச்சம்" என்றொரு படம். சுருங்கிய முகம், மூடிய கண், பின்னணியிலே சோகக் குழலோசை. "காட்டு மக்களுடன் ஒரு நாள்" என்று மற்றொன்று. அதிலே பழங்குடிச் சிறுமி ஒருத்தியை நிறுத்தி, "உங்க பாஷையில ஏதாவது பேசிக்காட்டு" என்பார் படம் பிடிப்பவர். சிறுமி எதையோ சொல்லுவாள். அவள் சொன்னது என்ன? அதை எழுத்தில் போடுவதற்குக்கூட அவருக்கு நேரமில்லை. சிரிப்பார், "செம!" என்பார், அடுத்த வளைவில் தேனடை காட்டப்போவார். கிளியைப் பேசச் சொல்லிக் கேட்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

எங்கள் மாவட்டத்திலேயே, திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், செண்பகத்தோப்பில் பளியர் குடியிருக்கின்றனர். அவர்களைப் பற்றி வரும் படங்களில் தேன் உண்டு, கிழங்கு உண்டு, அருவி உண்டு. அவர்கள் பேச்சு மட்டும் பின்னணி இசைக்குக் கீழே அமுங்கிக் கிடக்கும்.

இன்னொருவர் சாவிலும் விழாவிலும் மட்டுமே நம் கண்ணில் படுகிறார் என்றால் அது எத்தகைய அவமதிப்பு என்பதை எங்கள் வட்டாரத்தாருக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. தீபாவளிக்கு ஒருமுறை எங்களைக் காண்பார்கள். வெடிவிபத்துக்கு ஒருமுறை காண்பார்கள். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சன்குளத்தில் இருபது பேருக்கு மேல் மாண்டனர். 2024 பிப்ரவரி 17-ஆம் நாள் வெம்பக்கோட்டையை அடுத்த இராமுதேவன்பட்டியில் பத்துப் பேர் மாண்டனர். அந்நாள்களில் கரும்புகைப் படமும் கதறும் தாயின் படமும் நாடெங்கும் பரவின. கீழே கைகூப்பிய குறிகள் ஆயிரம். மறு வாரம் வந்து, மருந்து கலக்கும் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பது விதி, எத்தனை பேர் இருந்தனர், கூலி என்ன, குத்தகை யாருக்கு என்று கேட்ட படம் எத்தனை? கண்ணீர் மலிவு, கேள்வி விலை அதிகம். கரிசல் மண்ணில் நாங்கள் கற்ற இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடல் கடந்து அந்தமானுக்குச் சென்று பார்ப்போம்.

2010 சனவரி 26-ஆம் நாள் — இந்தியா குடியரசு நாள் கொண்டாடிக் கொண்டிருந்த அன்று — போவா என்னும் மூதாட்டி, ஏறத்தாழ எண்பத்தைந்து வயதில், மறைந்தார். பெரிய அந்தமானியர் பேசிய மொழிகளுள் ஒன்றான 'போ' மொழியை அறிந்த கடைசி மனிதர் அவர். செய்தி உலகெங்கும் பறந்தது. "65,000 ஆண்டுகளாக அறாது வந்த சங்கிலி அறுந்தது!" என்று எழுதினர். அவர் பறவைகளோடு தம் மொழியில் பேசுவார் என்பதையும் சேர்த்துக்கொண்டனர். இன்றும் ஆண்டுதோறும் அந்தப் படம் கைமாறிக் கைமாறி வருகிறது. பார்ப்பவர் நெஞ்சம் நெகிழ்கிறது.

நெகிழ்ந்த நெஞ்சம் கொஞ்சம் நினைக்கவும் வேண்டாமா? பகுத்தறிவாளர் என்று சொல்லிக்கொள்ளும் நாம், முதலில் அந்த 65,000 என்னும் எண்ணையே எடுத்துக்கொள்வோம். அந்தமானில் மனிதர் எப்போது குடியேறினர் என்பது ஒரு செய்தி. ஒரு மொழிக்கு வயது என்ன என்பது வேறொரு செய்தி. எந்த மொழியும் தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. அந்தத் தாய்க்கு அவள் தாயிடமிருந்து வந்தது. இலண்டன் நகரத்துச் சிறுவன் பேசும் ஆங்கிலமும், நான் எழுதும் தமிழும், போவா பேசிய மொழியும் — மூன்றுமே எண்ணற்ற தலைமுறைகளின் வாய்வழி வந்தவைதாம். மூன்றுமே வழியெல்லாம் மாறி வந்தவைதாம். ஒருத்தியை மட்டும் "கற்காலத்தின் குரல்" என்று சொல்லும்போது, அவளை நம் காலத்திலிருந்து வெளியேற்றிவிடுகிறோம். கற்காலத்தவள் கற்காலத்தோடு போவது இயற்கைதானே என்ற எண்ணம், எவரும் சொல்லாமலே நம் மனத்தில் வந்து அமர்கிறது.

இயற்கையா அது? 1858-ல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியிருப்பை நாட்டியபோது, பெரிய அந்தமானியர் ஏறத்தாழ ஐயாயிரவர் இருந்தனர் என்று மதிப்பிடுகின்றனர். பின்னர் வந்தது தட்டம்மை — 1877-ல் ஊர் ஊராக வாரிச் சென்றது. மேகநோயும் வந்தது. காடு சுருங்கியது. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியோர் எத்தனை பேர் தெரியுமா? பத்தொன்பது பேர்! அந்தப் பத்தொன்பதின்மரின் வழிவந்தோரைச் சிறு தீவு ஒன்றில் கொண்டுபோய்க் குடியமர்த்தி, வெளியாரோடு இந்தியிலே பேச வேண்டிய நிலையில் வைத்தபின், "ஐயோ, ஒரு மொழி மூப்பெய்தி மாண்டதே!" என்று மூக்கைச் சிந்துவது யாரை ஏமாற்ற? மொழிக்கு மூப்பு வருவதில்லை, தோழர்களே. பேசுவோருக்கு நிலமும் நலமும் இருந்து, பேசுவதிலே கூச்சமில்லாதிருந்தால், எந்த மொழியும் நாளையும் பேசப்படும். அழிவைச் செய்தவர் ஆணையிட்ட அதிகாரி. அழிவுக்கு அழுகிறவர் அடுத்த நூற்றாண்டுப் பார்வையாளர். இடையிலே காரணம் மட்டும் காணாமற் போகிறது.

போவாவிடமிருந்து கற்றுப் பதிந்தவர் மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி. பெரிய அந்தமானிய மொழிக்கு அகராதியும் இலக்கணமும் செய்தார். அவர்கள் பறவைகளுக்கு இட்ட பெயர்களையெல்லாம் தொகுத்து ஒரு நூலாக்கினார். அந்த இலக்கணம் மனித உடலையே அடிப்படையாகக் கொண்டது. உடலின் எப்பகுதியைச் சார்ந்தது என்பதற்கேற்ப, சொல்லுக்கு முன்னே ஓர் ஒட்டு வந்து சேருகிறது. அந்த ஒட்டு, பெயரோடு நில்லாமல் வினைக்கும் பண்புக்கும் பரவிப் பொருளைப் பிரித்துக் காட்டுகிறது. எத்தகைய சிந்தனைக் கட்டடம்! இதை எண்ணி வியக்கலாம், தவறில்லை. ஆனால் அரை நிமிடப் படத்தில் இதற்கு இடமேது? அங்கே கிழவியும் கிளியும் போதும்.

அந்தமான் தொலைவு, அங்கே பழி சுமத்த வெள்ளைக்காரர் இருக்கிறார். நம் வீட்டு மேற்கு வாசலில் நீலமலை இருக்கிறது. அங்கே தோடர் இருக்கின்றனர் — இரண்டாயிரம் பேருக்கும் குறைவு. கோத்தர் இருக்கின்றனர் — அவர்களும் ஏறத்தாழ அத்தனை பேர்தாம். குறும்பர், இருளர், பணியர் இருக்கின்றனர். உதகைக்குச் சுற்றுலா சென்று திரும்புவோர் கையில், கறுப்பும் சிவப்புமாய்ப் பூவேலை செய்த போர்வை அணிந்த தோடரோடு எடுத்துக்கொண்ட படம் ஒன்று கட்டாயம் இருக்கும். இந்தப் படமெடுக்கும் மோகம் கைப்பேசியோடு வந்ததென்று எண்ணவேண்டாம். 1873-லேயே, பிரீக்ஸ் என்னும் ஆங்கில அதிகாரி நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி எழுதிய நூல் படங்களோடு வெளிவந்தது. அன்று முக்காலியில் நிறுத்திய பெட்டி. இன்று கையில் அடங்கும் பேசி. நிற்க வைக்கப்பட்டவர் மட்டும் மாறவில்லை.

அந்தப் போர்வைக்குள் இருக்கும் மொழியைக் கேட்டவர் எத்தனை பேர்? 'ழ' என்னும் ஓரெழுத்தை வைத்துக்கொண்டு நாம் எவ்வளவு மார்தட்டுகிறோம்! தோடர் மொழியிலோ ரகர இனத்தில் மட்டும் மூன்று தனித்தனி ஒலிகள். அந்த மூன்றுக்கும் நா மேலண்ணத்தை நோக்கி உயர எழும் இணைகள் மூன்று. ஆக ஆறு! ஒலியியலார் உலகெங்குமிருந்து அம்மலைக்கு வந்து அளந்து பார்த்து வியந்த செய்தி இது. 'தமிழின் இனிமை' பற்றி நாள்தோறும் பதிவிடும் நம் நண்பர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னும் சுவையான ஒன்றைச் சொல்லவேண்டும். 1935 முதல் 1938 வரை நம் நாட்டில் தங்கி ஆராய்ந்த எமனோ என்னும் அறிஞர், கோத்தர் மொழிக் கதைகளைத் தொகுத்து 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளியிட்டார். அத்தனை கதைகளையும் அவருக்குச் சொன்னவர் ஒரே மனிதர். சுள்ளி என்பது அவர் பெயர். யார் இந்தச் சுள்ளி? தாடி வளர்த்த பூசாரியா? மலையுச்சியில் தனித்திருந்த முதியவரா? இல்லை. அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், ஆங்கிலம் படித்தவர், கோத்தர் ஆண்கள் நீள்முடி வளர்த்து முடிந்துகொள்வதே வழக்கமாயிருந்த காலத்தில், முடியைக் குறைத்துக்கொண்டவர்! ஊர் சீறியது. அவர் அசையவில்லை. மானிடவியலார் மாண்டல்பாம் 1960-ல் அவரைப் பற்றி எழுதியபோது, தம் மக்களைத் திருத்த முனைந்தவர் என்றே தலைப்பிட்டார்.

குடுமியை அறுத்தெறிந்த கதை நமக்குப் புதிதா? நம் தலைவர்கள் செய்ததைத்தான், நம் மேடையொலி எட்டாத மலையிலே, சுள்ளி தனியொருவராய் நின்று செய்திருக்கிறார். அதே மனிதர்தாம் தம் மொழியின் கதைகளை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்து உலகுக்கு அளித்தார். பழங்குடி மொழி என்றாலே பழமையில் உறைந்தவர் மொழி என்று காட்டும் படங்களில் சுள்ளிக்கு இடமில்லை. முடி வெட்டி, சட்டை போட்டு, தம் மக்களின் மூடப்பழக்கத்தை எதிர்க்கும் பழங்குடி ஆசிரியர் ஒருவர் முன்னே நின்றால், படம் பிடிப்பவர் ஏமாந்து போவார்: "அசல் ஆள் யாரும் இல்லையா?" என்பார்.

நம் இளைஞருள் சிலர் கேட்கக்கூடும்: "அந்த மொழிகளில் உள்ளவை பேயும் பூசையும் சடங்கும்தானே? அவற்றைக் காப்பாற்றுவது பகுத்தறிவாளர் வேலையா?" நேர்மையான கேள்வி; மழுப்பக்கூடாது. தமிழில் புராணம் இல்லையா? புளுகு இல்லையா? இருந்தன. அவற்றைத் தமிழிலேயே எதிர்த்தோம். எதிர்ப்பதற்கு ஏற்ற கூர்மையை அதே மொழியில் தீட்டினோம். பெரியார் 1935-ல் தம் ஏட்டில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு 1978-ல் ஏற்றது. அதனால் தமிழ் தேயவில்லை. பேசுவோர் தம் மொழியைத் திருத்தலாம், திட்டலாம், புதுச்சொல் புகுத்தலாம். அது உயிருள்ள மொழிக்கு உள்ள உரிமை. இந்த உரிமையைத்தான் திரை பறிக்கிறது. இருளர் இளைஞர் ஒருவர் தம் பேச்சில் 'பஸ்' என்று சொல்லிவிட்டால், "கலப்படமாகிவிட்டதே!" என்று நகரத்துக் காவலர்கள் கவலைப்படுகின்றனர். தமக்கு மாற்றம் வேண்டும்; அவருக்கு மட்டும் அது கூடாதாம்! மூடநம்பிக்கையை ஒழிக்க மொழியை ஒழிப்பவன், நோயைத் தீர்க்க நோயாளியைத் தீர்ப்பவன்.

2020-ல் வெளிவந்த 'அய்யப்பனும் கோஷியும்' என்னும் மலையாளத் திரைப்படத்தில், அட்டப்பாடி இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, இருளர் மொழியில் தாமே இயற்றிய பாட்டைப் பாடினார். வலைத்தளமெங்கும் அது ஒலித்தது. படத்தின் முன்னணி நடிகர்களைத் தெரியுமா என்று அவரிடம் கேட்க, தெரியாது என்று அவர் சிரித்ததும் பரவியது. "என்ன வெகுளி!" என்றனர். வெகுளியா? அவர் பாடும் மொழி எதுவென்று கேட்டால், கேட்டவருக்கும்தான் தெரியாது. அவரை எவரும் வெகுளி என்பதில்லை! 2022 சூலையில் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது நஞ்சியம்மாவுக்கு அறிவிக்கப்பட்டபோது, முறையாக இசை பயின்றவர்க்கன்றோ விருது என்று ஒரு குரல் எழுந்தது. பலர் திரண்டு மறுத்தனர் — நல்லது. ஆனால் தம் குடும்பத்து நிலம் பிறர் கைக்குப் போனது குறித்து அதே நஞ்சியம்மா போராடியபோது, பாட்டைப் பகிர்ந்த கைகளில் எத்தனை அதைப் பகிர்ந்தன? பாட்டு வேண்டும், பாட்டு விளைந்த நிலம் பற்றிய பேச்சு வேண்டாம். இதற்குப் பெயர் பற்று என்றால், பலாச்சுளை தின்பவனெல்லாம் தோட்டக்காரன்.

இதுவரை மற்றவரைக் குறை சொன்னேன். இனி நம்மைப் பற்றிப் பேசவேண்டும்.

பழங்குடி மொழிகள் பற்றித் தமிழர் போடும் பதிவுகளில் ஒரு தனி ராகம் உண்டு: "பாருங்கள், இவர்கள் பேசுவது ஆதித்தமிழ்! தமிழின் பழமைக்கு வாழும் சான்று!" கேட்க இனிக்கிறது. ஆனால் உண்மை என்ன? தோடர் மொழியும் கோத்தர் மொழியும் தமிழின் மக்கள் அல்லர், உடன்பிறந்தார். தமிழுக்கும் அவற்றுக்கும் பொதுவான ஒரு மூலமொழியிலிருந்து பிரிந்தவை. தமிழ் நடந்த தொலைவை அவையும் தத்தம் வழியில் நடந்தவை. பர்ரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டினால், தமிழ்ச் சொல்லுக்கு அருகிலேயே கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் சான்றாக நிற்கும். திராவிட மொழிக்குடும்பம் என்று நாம் தலைநிமிர்ந்து சொல்கிறோமே, அந்தக் குடும்பத்தை நிறுவக் கைகொடுத்தவர்களுள் இந்த ஈராயிரவரும் உண்டு. நாம் அவர்களுக்குக் கொடுத்த பெயர் என்ன? நாம் போற்றும் கால்டுவெல், தம் ஒப்பிலக்கணத்தின் 1875-ஆம் ஆண்டுப் பதிப்பில், தமிழ் உள்ளிட்ட ஆறைத் திருந்திய மொழிகள் என்றும், தோடா, கோத்தா உள்ளிட்ட ஆறைத் திருந்தா மொழிகள் என்றும் பிரித்து வைத்தார். அவர் காலத்து அளவுகோல் அது. ஏட்டிலக்கியம் உண்டா இல்லையா என்று பார்த்தார். நூற்றைம்பது ஆண்டு கழிந்தும் நாம் அந்த அளவுகோலைக் கீழே வைக்கவில்லையே!

கணக்கைப் பாருங்கள். 1961-ல் இந்திய மக்கள் தம் தாய்மொழி என்று சொன்னவற்றை 1,652 என்று பதிந்தனர். 1971 முதல், பதினாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழியைப் பட்டியலில் தனியே காட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டனர். 2011-ல் பட்டியலில் நின்றவை 121 மொழிகள். தோடரும் கோத்தரும் பட்டியலில் இல்லை; 'பிற' என்னும் இருட்டறையில் இருக்கின்றனர். பதினாயிரத்தைத் தாண்டியவர் கதி என்ன? 2011 கணக்கில் இந்தி பேசுவோர் ஏறத்தாழ 52 கோடி 83 இலட்சம் என்றார்கள். அதற்குள் போச்புரி ஐந்து கோடி. இராசத்தானியும் மகதியும் சத்தீசுகரியும் கோடிக்கணக்கில். "அடுத்தவன் மொழியை விழுங்கி வயிற்றைக் காட்டுகிறீர்களே!" என்று நாம் கேட்டோம், கேட்டது முறை. அதே அட்டவணையில், தமிழ் என்னும் தலைப்பின் கீழே பார்வையை இறக்குங்கள். இருளர் மொழி — 11,870 பேர். எருகலர் மொழி — 58,065 பேர். கைக்காடி — 25,870 பேர். அவர்களையும் கூட்டித்தான் தமிழ் பேசுவோர் ஆறு கோடியே தொண்ணூறு இலட்சம்! படகர் மொழி கன்னடத்தின் கீழே கிடக்கிறது. கணக்கெடுத்தது நடுவணரசுதான், நாம் எழுதிய அட்டவணையன்று. ஆயினும், "எங்கள் தொகையிலிருந்து இவர்களைப் பிரித்துக் காட்டுங்கள்" என்று தமிழ்நாட்டிலிருந்து எழுந்த முழக்கம் எங்கே? 1938-லும் 1965-லும் பிறர் மொழி எங்கள் மேல் ஏறக்கூடாது என்று உயிர் கொடுத்த மண், தன் மொழி பிறர் மேல் எங்கெங்கே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கக் கடமைப்பட்டதன்றோ?

இந்த இடத்தில் ஒரு தாயை நினைத்துப் பார்க்கவேண்டும். மலையிலோ, அடிவாரத்துக் குடியிருப்பிலோ இருக்கும் அந்தத் தாய், "என் பிள்ளை தமிழும் இங்கிலீசும் நல்லாப் பேசட்டும், எங்க பேச்சுப் பேசினா பள்ளிக்கூடத்துல சிரிக்கிறாங்க" என்கிறாள். அவளை நோக்கி, "அம்மா, மொழியைக் காப்பது உங்கள் கடமை" என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? நம் வியப்புக்கு விருந்து வைப்பதற்காக அவள் பிள்ளை பின்தங்க வேண்டுமா? அவள் செய்வது முற்றிலும் நியாயம். அநியாயம் எங்கே என்றால், பிழைப்பா பேச்சா, இரண்டில் ஒன்றை எடு என்று அவள் முன்னே வைத்த ஏற்பாட்டில். சிரித்த பிள்ளைகள் யார்? நாம் பாடம் சொல்லும் பிள்ளைகள். அவர்களின் சிரிப்பு எங்கே கற்றது? நரிக்குறவர் பேச்சைக் கேலிப்பொருளாக்கிய எத்தனையோ திரைக்காட்சிகளில் கற்றது. இன்று "பேசிக்காட்டு" படங்களில் தொடர்ந்து கற்கிறது. அழகு பார்க்கும் படமும் ஏளனம் செய்யும் படமும் ஒரே வேலையைச் செய்கின்றன: அந்த மொழியைப் பேசுவது ஒரு வேடிக்கை என்று இருவகைப் பிள்ளைகளுக்கும் சொல்லித் தருகின்றன.

"வலைத்தளம் இல்லாவிட்டால் இந்த மொழிகளின் பெயராவது தெரிந்திருக்குமா?" என்பார் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். கருவியின் மேல் எனக்குப் பகையில்லை. அச்சு இயந்திரம் வந்தபோது பஞ்சாங்கமும் அச்சாயிற்று, பகுத்தறிவு ஏடும் அச்சாயிற்று. கருவி யார் கையில் என்பதே கேள்வி. சந்தாலி மக்களைப் பாருங்கள். இரகுநாத் முர்மு 1925-ல் அவர்கள் மொழிக்கென ஒல்சிக்கி எழுத்தை வகுத்தார். போராடினர், 2003-ல் அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றனர். 2018-ல் சந்தாலி விக்கிப்பீடியா அவர்கள் எழுத்திலேயே தொடங்கியது. அதில் சந்தாலியைப் பற்றி மட்டுமா எழுதுகிறார்கள்? உலகைப் பற்றிச் சந்தாலியில் எழுதுகிறார்கள்! வேறுபாடு இங்கேதான் விளங்குகிறது. பிறர் பிடிக்கும் படத்தில் மொழி பார்க்கப்படும் பொருள். தாமே எழுதும்போது அது பார்க்கும் கண். சந்தாலி பேசுவோர் எழுபது இலட்சத்தினர். இரண்டாயிரவர்க்கு அது எளிதில்லை என்பது உண்மை. ஆயினும் சமையலையும் சண்டையையும் பேருந்துக் கட்டணத்தையும் பற்றித் தம் பேச்சில் தாமே பேசிப் பதிவிடும் பழங்குடி இளைஞரின் ஆட்டங்காணும் படம் ஒன்று, சோகக் குழலோசையுடன் வரும் நூறு படங்களைவிட அம்மொழிக்கு நன்மை செய்யும். அங்கே எவரும் 'பேசிக்காட்ட'வில்லை, பேசுகிறார்கள்.

பள்ளி என்ன செய்யலாம்? ஒடிசாவில் 2006 முதல் பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தொடக்க வகுப்புகளில் அவரவர் தாய்மொழியில் கற்பிக்கும் திட்டத்தைப் பத்து மொழிகளில் தொடங்கி, பின்னர் இருபத்தொன்றாக உயர்த்தினர். குறைகள் இருக்கலாம், வழி இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டிலும், 2024 பிப்ரவரியில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கை, தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் ஆகியோரின் மொழி வளங்களையும் ஒலி வடிவங்களையும் ஆவணப்படுத்த இரண்டு கோடி உரூபாய் ஒதுக்கியது. வரவேற்கிறோம். வரவேற்றுக்கொண்டே கேட்கிறோம்: ஒலிநாடாவில் ஏறிய குரலை எந்த வகுப்பில் ஒலிக்கச் செய்யப்போகிறோம்? ஆவணக் காப்பகம் என்பது அகழ்குழியை முன்கூட்டியே வெட்டி வைப்பதாக முடிந்துவிடக்கூடாது.

2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கும் என்று நடுவணரசு 2025 சூனில் அறிவித்தது. கணக்கெடுக்க வீடுவீடாகச் செல்லும் வேலை பெரும்பாலும் என்னைப் போன்ற ஆசிரியர் தலையில்தான் விழும். தாய்மொழி என்னும் கட்டம் ஒன்று வரும். வீட்டார் எதைச் சொல்கிறாரோ அதையே எழுதவேண்டும் என்பது விதி. நடப்பது என்ன? பளியர் குடியிருப்பின் வாசலில் நின்று, நேரமாகிறதென்று, கேளாமலே 'தமிழ்' என்று எழுதிவிட்டு அடுத்த வாசலுக்குப் போவது எளிது. ஆறு கோடியே தொண்ணூறு இலட்சத்தில் அந்த ஒருவர் கூடினால் தமிழுக்கு ஆவது ஒன்றுமில்லை. பதினாயிரம் என்னும் வாசற்படியில் நிற்கும் மொழிக்கோ, அந்த ஒருவர் ஒருவரல்லர். ஆகவே, தோழர்களே, உங்களுள் ஆசிரியராய் இருப்போர் அந்த வாசலில் சற்றே நில்லுங்கள், "வீட்டில் என்ன பேசுவீர்கள்?" என்று கேளுங்கள், தயங்கினால் மறுபடி கேளுங்கள், சொன்ன பெயரைச் சொன்னபடியே எழுதுங்கள். எழுதியபின் அது தில்லியில் எந்தத் தலைப்பின் கீழே போய்ச் சேருகிறது என்று, அட்டவணை வெளிவரும் நாளில், நாமே எடுத்துப் பார்த்துக் கேட்போம்.